பதினொரு மணிக்கு நடந்த அதிபர் தெரிவு

அனுப்புநர்:
திருமதி யோகராணி அருந்தவன்,
இளைப்பாறிய கணித ஆசிரியை,
நல்லூற்றுத் தமிழ்ப் பாடசாலையின் ஆயுட்கால அங்கத்தவர்,
குவேக்கர்ஸ் ஹில், நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
திரு. சடகோபன் அவர்கள்,
மேன்முறையீட்டு அலுவலர்,
மேற்குச் சிட்னித் தமிழ்ப் பாடசாலைகள் இணைப்பகம்.

பொருள்: நல்லூற்றுத் தமிழ்ப் பாடசாலையின் இடைநிலைப் பிரிவு அதிபர் தெரிவு, ஆசிரியைகள் வாக்களிக்க இயலாத நேரத்தில் நடத்தப்பட்டமை, கூட்டக் குறிப்பில் பொய் எழுதப்பட்டமை, தெரிவை இரத்துச் செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது எழுபத்தெட்டு. இப்பாடசாலை தொடங்கிய நாளிலிருந்து அங்கத்தவராக இருக்கிறேன். என் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இன்று அங்கே படிக்கவில்லை. எனக்கு எந்தப் பதவியும் வேண்டாம். காலஞ்சென்ற என் கணவர் அருந்தவன் இதன் முதற் பொருளாளராக இருந்தவர். இம்மனுவை நான் எழுதுவதற்கு அதுவும் காரணம் அல்ல. ஒரு தவறு நடந்தது. நான் அங்கே இருந்தேன். அந்தத் தவறில் என் பங்கும் உண்டு. அதைக் கீழே மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

2. கூட்டத்தில் பேசப்பட்டவற்றைப் பேசப்பட்டபடியே தருகிறேன். எனக்குச் சுருக்கெழுத்துத் தெரியும். தாங்கள் திருச்சியில் பிறந்தவர் என அறிகிறேன். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் ஏதாவது விளங்காவிட்டால் என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம். காலை ஒன்பது மணிக்கு முன்பு வேண்டாம்.

3. எங்கள் பாடசாலை, சனிக்கிழமைகளில் ஓர் அரச உயர்தரப் பாடசாலையின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை நடைபெறுகிறது. ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான இடைநிலைப் பிரிவில் நூற்று நாற்பத்தெட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். பதினேழு ஆசிரியர்கள். அவர்களில் பதினைந்து பேர் பெண்கள். 2007 முதல் இன்று வரை இப்பிரிவுக்கு ஏழு அதிபர்கள் தெரிவாகியுள்ளார்கள். ஏழு பேரும் ஆண்கள். எல்லாரும் மோசமானவர்கள் என்று நான் சொல்லவில்லை. இருவர் மிக நல்லவர்கள். ஒருவர் மாணவர் அனைவரின் பெயரையும் பாராமல் சொல்லக்கூடியவர்.

தொடக்கப் பிரிவின் பொறுப்பாளர் மட்டும் எப்போதும் ஒரு பெண். அந்தப் பதவிக்கு ஆண்கள் ஒருவரும் இதுவரை விண்ணப்பித்ததில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பதற்குப் போட்டி கிடையாது. பிள்ளை வளர்ந்து, தானே மூக்கைத் துடைக்கப் பழகி, பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில் வரும் எச்.எஸ்.சி. பரீட்சைக்குத் தமிழை ஒரு பாடமாக எடுக்கும் வயதுக்கு வந்ததும், அதற்கு ஓர் ஆண் தலைமை தேவைப்பட்டுவிடுகிறது.

4. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர்மடப் பாடசாலையில் படித்தவள். அங்கே அதிபர் ஒரு பெண். உப அதிபர் ஒரு பெண். ஆய்வுகூடப் பூட்டின் திறப்பு ஒரு பெண்ணின் இடுப்பில் தொங்கியது. கூரை ஒழுகினால் மேசனை நிற்கவைத்துக் கணக்குக் கேட்டவரும் ஒரு பெண்தான். ஒரு பெண்ணால் பாடசாலையை நடத்த இயலுமா என்ற ஐயம் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நாளாவது என் காதில் விழுந்ததில்லை. அதை நான் கேட்பதற்கு, எழுபத்தெட்டு வயதில், சிட்னியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

5. இவ்வருடம் அதிபர் பதவிக்கு இருவர் விண்ணப்பித்தார்கள்.

முதலாமவர் திருமதி கமலினி. கிழமை நாட்களில் ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறார். பதினொரு வருடங்களாக எங்கள் மேல்வகுப்புகளின் ஒருங்கிணைப்பாளர். பாடத்திட்டம் மாறியபோது பயிற்சித்தாள்கள் அனைத்தையும் ஒரு விடுமுறைக்குள் புதிதாக எழுதியவர். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரையும் வாய்மொழிப் பரீட்சைக்கு முன் இருமுறை தனியே இருத்திப் பேசவைப்பவர். வேறு அறை கிடைக்காதபடியால் நடையில் இரண்டு கதிரைகளைப் போட்டு, யூலை மாதக் குளிரில் அதைச் செய்கிறார். மேசைகளின் கீழே ஒட்டப்பட்ட சுவிங்கத்துக்காக அரச பாடசாலைக்காரர் முறைப்பாடு செய்தபோது, ஒரு சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் கத்தியோடு முழங்காலில் இருந்து சுரண்டியவரும் அவரே. அப்போதைய அதிபர் அன்று ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போயிருந்தார்.

இரண்டாமவர் திரு. பிரஷாந்தன். ஒரு கணினி நிறுவனத்தில் முகாமையாளர். எட்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கத் தொடங்கிப் பதின்மூன்று மாதங்கள் ஆகின்றன. மரியாதையான பிள்ளை. என்னைக் கண்டால் பையை வாங்கிக் கார் வரை கொண்டுவந்து தருவார். அவர்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இம்மனு அவருடைய குணத்தைப் பற்றியது அல்ல.

6. வருடாந்தப் பொதுக்கூட்டம் 15.03.2025 சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நடந்தது. தாங்கள் இந்த நேரத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். எங்கள் பாடசாலையில் பொதுக்கூட்டம் எப்போதும் பதினொரு மணிக்கே நடக்கும். பிள்ளைகளைக் கொண்டுவந்த தகப்பன்மார் அந்த நேரத்தில் மண்டபத்தில் சும்மா இருப்பார்கள். பன்னிரண்டரைக்குப் பிறகு திறப்புகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எல்லாருக்கும் வேறு அலுவல்கள், கூட்டத்துக்கு ஆள் சேராது. இதுவே சொல்லப்படும் காரணம்.

பதினொரு மணிக்குப் பதினேழு ஆசிரியர்களும் வகுப்பறையில் இருப்பார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புச் சட்டப்படி, பிள்ளைகளோடு வேலை செய்ய அரசின் அனுமதி இலக்கம் பெற்ற ஒருவர் இல்லாமல் ஒரு வகுப்பை விட்டு ஆசிரியர் வெளியேற முடியாது. அது நல்ல சட்டம். ஆனால் அதன் விளைவு இது: எங்கள் பாடசாலையில் படிப்பிப்பவர்கள் எவரும், தங்களுக்குத் தலைமை தாங்கப்போகிறவரைத் தெரிவுசெய்யும் கூட்டத்துக்கு வர முடியாது. படிப்பிக்காதவர்கள் எல்லாரும் வரலாம்.

7. அன்று ஓர் ஆசிரியர் மட்டும் மண்டபத்தில் இருந்தார். அவர் திரு. பிரஷாந்தன். அவருடைய எட்டாம் வகுப்பு எங்கே என்று கேட்டேன். கமலினியின் பன்னிரண்டாம் வகுப்போடு சேர்த்து இருத்தியிருப்பதாகச் சொன்னார்.

பின்னர் விசாரித்தேன். காலை இடைவேளையில் அவர் கமலினியிடம் போய், “அக்கா, என்ர பிள்ளைகளை ஒரு அரை மணித்தியாலம் பாக்கிறீங்களோ? கூட்டத்தில ஒரு அலுவல்” என்று கேட்டிருக்கிறார். அவர், “ஓம், அனுப்பிவிடும்” என்றிருக்கிறார். இருவருமே இதை என்னிடம் ஒப்புக்கொண்டார்கள். திரு. பிரஷாந்தனுக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. கேட்டேன், உண்மையாகவே தெரியவில்லை.

ஐயா, ஒரு வேட்பாளர் மற்ற வேட்பாளரின் மாணவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த மற்ற வேட்பாளர் அதிபராகத் தெரிவு செய்யப்பட்டார். ஐம்பது வருடங்களாகப் பாடசாலைகளோடு பழகியவள் நான். இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

8. மண்டபத்தில் நாற்பத்தொரு பேர் இருந்தோம். முப்பத்தாறு ஆண்கள், ஐந்து பெண்கள். அந்த ஐந்து பேரில் இருவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் திரு. செந்தூரன் திரு. பிரஷாந்தனின் பெயரை முன்மொழிந்தார். அவர் சொன்னது: “கமலினி அக்கா இல்லாட்டி இந்தப் பள்ளிக்கூடம் ஒரு நாளும் ஓடாது. அது எல்லாருக்கும் தெரியும். அதாலதான் சொல்லுறன், அவவை இருக்கிற இடத்தில இருந்து அசைக்கக் கூடாது.”

பலர் தலையசைத்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், “அதிபர் எண்டால் கிழமை நாளிலயும் கூட்டங்கள் வரும். அவவுக்கு வீடு வாசல் இருக்கு” என்றார். நான் எழுந்து, பிரஷாந்தனுக்கும் வீடு இருக்கிறதே என்றேன். “இருக்கு அன்ரி. ஆனா அங்க பிரஷாந்தனின்ர மனுசி இருக்கிறா” என்று பதில் வந்தது. மண்டபம் சிரித்தது. திரு. பிரஷாந்தனின் மனைவி அக்ஷரா அந்த நேரத்தில் வீட்டில் இருக்கவில்லை. மண்டபத்திலிருந்து நாற்பது அடி தூரத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கணம் படிப்பித்துக்கொண்டிருந்தார். அதை நான் சொன்னேன். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

9. வாக்கெடுப்பைப் பன்னிரண்டரைக்குப் பின்னால் தள்ளிவைக்கும்படி நான் முறையாகக் கோரினேன். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய திரு. சிறிதரன், “அன்ரி, நீங்கள் கதிரையில இருங்கோ, ரீ வருது” என்றார். நான் உட்காரவில்லை. அப்போது அவர் பாடசாலையின் விதிகள் அடங்கிய யாப்பை எடுத்து 14ஆம் பிரிவை வாசித்தார்: “அதிபர், மண்டபத்தில் சமுகமளித்திருக்கும் அங்கத்தவர்களின் கைகளை உயர்த்திய வாக்கால் தெரிவு செய்யப்படுவார்.” வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “இதை எழுதினதே நீங்கள்தானே, அன்ரி.”

உண்மை. 2008இல் அந்த யாப்பை எழுதியவள் நான். அதற்கு முந்திய வருடம் சிலர் கூட்டத்துக்கு வராத அங்கத்தவர்களின் கையெழுத்துக் கடிதங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வாக்காகக் காட்டினார்கள். அதைத் தடுக்கவே “மண்டபத்தில் சமுகமளித்திருக்கும்” என்று எழுதினேன். கூட்டம் எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்று எழுதவில்லை. யார் அப்போது எங்கே இருப்பார்கள் என்று யோசிக்கவில்லை. ஒரு மாணவியின் கணித நிறுவலில் இப்படி ஓர் ஓட்டை இருந்திருந்தால் நான் அவளுக்குப் பாதிப் புள்ளியும் கொடுத்திருக்க மாட்டேன்.

10. இன்னொன்றையும் எழுத வேண்டும். 2016இல் தாட்சாயினி என்ற ஆசிரியை இதே பதவிக்கு விண்ணப்பித்தார். அன்றும் கூட்டம் பதினொரு மணிக்கு. அன்றும் அவர் வகுப்பறையில். நான் முன்வரிசையில் இருந்து, கொடுத்த ரீயைக் குடித்து, போட்டியிட்ட ஆணுக்குக் கையை உயர்த்தினேன். அவர் என் கணவரின் நண்பர். ஆசிரியைகள் ஒருவரும் அங்கே இல்லை என்பதை நான் அன்று கவனிக்கவே இல்லை. ஒன்பது வருடங்களாக இதைக் கவனிக்காத ஒருத்திதான் மற்றவர்களின் பிழையைத் திருத்தும் உரிமையோடு இத்தனை காலம் இருந்திருக்கிறாள்.

தாட்சாயினி அடுத்த வருடம் மெல்பேர்னுக்குப் போனார். இன்று ஸ்பிரிங்வேலுக்கு அருகே ஓர் அரச உயர்தரப் பாடசாலையில் உப அதிபராக இருக்கிறார். அங்கே ஆயிரத்து முந்நூறு மாணவர்கள். எங்கள் நூற்றைம்பது பிள்ளைகளுக்கு அவர் போதாது என்று முடிவு செய்த கைகளில் என் கையும் ஒன்று. சென்ற மாதம் அவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். “அன்ரி, அது எப்பவோ முடிஞ்ச கதை” என்றார். எனக்கு முடியவில்லை.

11. வாக்கு எண்ணப்பட்டது. திரு. பிரஷாந்தனுக்கு முப்பத்துநான்கு. திருமதி கமலினிக்கு ஐந்து. இருவர் வாக்களிக்கவில்லை. முடிவு உடனே பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பப்பட்டது. வகுப்பில் ஒரு மாணவனின் தொலைபேசி அதிர்ந்திருக்கிறது. வகுப்பில் தொலைபேசி கூடாது என்பது கமலினி வைத்த விதி. அவர் அதை வாங்கி மேசையில் வைத்தபோது, திரையில் புதிய அதிபருக்கான வாழ்த்துச் செய்தி இருந்தது. தன் தோல்வியை அவர் அறிந்துகொண்டது இப்படித்தான், இரண்டு வகுப்புப் பிள்ளைகள் முன்னால். அவர் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்ததாக அந்த மாணவனின் தாய் என்னிடம் சொன்னார். பன்னிரண்டரைக்குத் திரு. பிரஷாந்தன் தன் மாணவர்களை அழைத்துப்போக வந்து, “பெரிய உதவி அக்கா” என்று நன்றி சொன்னார்.

12. இவ்வளவோடு நின்றிருந்தால் நான் யாப்பைத் திருத்தும்படி மட்டும் கேட்டிருப்பேன். ஆனால் 29.03.2025 அன்று கூட்டக் குறிப்பு அனுப்பப்பட்டது. அதன் ஆறாவது பந்தியில் இவ்வாறு உள்ளது: “திருமதி கமலினி அவர்கள் இளையோருக்கு இடம் விட்டு மனமுவந்து போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.”

இவ்வரியை மூன்று முறை வாசித்தேன். ஐயா, இது பொய். அவர் விலகவில்லை. விலகுவதற்கு அவர் அந்த மண்டபத்தில் இருக்கவும் இல்லை. அவருக்கு வயது நாற்பத்தாறு, திரு. பிரஷாந்தனுக்கு நாற்பத்துநான்கு. அவருக்கு விழுந்த ஐந்து வாக்குகளைக் குறிப்பிலிருந்து அழித்துவிட்டார்கள். அவற்றில் ஒன்று என்னுடையது.

செயலாளரிடம் எழுத்தில் கேட்டேன். பதில் வாயால் வந்தது: “அவவுக்கு மரியாதையா இருக்கட்டும் எண்டுதான் அப்பிடி எழுதினனாங்கள், அன்ரி. தோத்தா எண்டு எழுதினால் வடிவில்லைத்தானே.” மேலும், ஆண்டு விழாவில் கமலினிக்குப் பொன்னாடை போர்த்தி, “கௌரவ ஆலோசகர்” என்ற பட்டமும் வழங்குவதாகச் சொன்னார். என்னைக் குத்துவிளக்கு ஏற்ற வரும்படி கேட்டார். நான் மறுத்துவிட்டேன். ஒரு பெண்ணிடமிருந்து பதவியை எடுத்துவிட்டு அவர் தோளில் துணியைப் போடுவது மரியாதை ஆகாது.

13. “பெண்கள் முன்வருவதில்லை” என்று தங்களிடம் சொல்லப்படலாம். நடந்த ஏழு தெரிவுகளில் நான்கில் பெண்கள் விண்ணப்பித்திருக்கிறார்கள். விண்ணப்பங்களின் பிரதிகள் என்னிடம் உள்ளன. பழைய கூட்டக் குறிப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். அந்த நான்கு பேரும் “மனமுவந்து விலகினார்கள்” என்றே எழுதப்பட்டிருக்கிறது. 2016 உட்பட. அக்குறிப்பை நானே வாசித்து, எழுத்துப்பிழைகளைத் திருத்தி, சரி என்று ஒப்பமிட்டிருக்கிறேன்.

14. இம்மனு திருமதி கமலினியின் வேண்டுகோளில் எழுதப்படவில்லை. எழுதப்போவதாக அவருக்கு அறிவித்தேன். “பிள்ளைகளுக்கு வாய்மொழிப் பரீட்சை வருது, அன்ரி. அது முடியட்டும். இந்த வருசத்தோட நான் நிப்பாட்டுறன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த வருடத்துக்கான பயிற்சித்தாள்களை ஒரு கோப்பில் அடுக்கி, யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். ஆகவே, இங்கே இழக்கப்படவிருப்பது ஒரு பதவி மட்டும் அல்ல. இவரை இழந்தால், பன்னிரண்டாம் வகுப்பில் தமிழை எடுக்க அடுத்த வருடம் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று தாங்கள் எங்கள் பெற்றோரிடமே கேட்டுப் பார்க்கலாம்.

15. 10.05.2025 அன்று காலை பதினொரு மணிக்கு நடைபெறவிருக்கும் கூட்டத்தில் மேற்படி குறிப்பு ஏற்கப்பட்டு, பொறுப்புகள் கைமாற்றப்படும். ஏற்கப்பட்ட குறிப்பை எதிர்த்து முறையிட இணைப்பகத்தின் விதிகள் இடம் தரவில்லை. எனவே அந்தத் திகதிக்கு முன்பே தாங்கள்,

(அ) 15.03.2025 தெரிவை இரத்துச் செய்து;

(ஆ) குறிப்பிலிருந்து அந்தப் பொய்யான வரியை நீக்கி, வாக்குகளின் உண்மையான எண்ணிக்கையை எழுதப் பணித்து;

(இ) ஆசிரியர்கள் அனைவரும் சமுகமளிக்கக்கூடிய நேரத்தில், கையை உயர்த்தாமல் வாக்குச்சீட்டில், மறுதெரிவு நடத்த ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். 14ஆம் பிரிவுக்கான திருத்தத்தை எழுதி இணைத்துள்ளேன். இம்முறை நேரத்தையும் எழுதியிருக்கிறேன்.

பெண்களுக்கென்று பதவியை ஒதுக்கித் தரும்படி நான் கேட்கவில்லை. மறுதெரிவில் திரு. பிரஷாந்தன் வென்றால் முதலாவதாக எழுந்து வாழ்த்துவேன். படிப்பிப்பவர்களும் வாக்களித்த பிறகு அவர் வெல்லட்டும்.

16. மண்டபம் பதினொரு மணிக்கு மட்டுமே கிடைக்கும் என்று தங்களுக்குப் பதில் வரக்கூடும். அதற்கும் ஏற்பாடு செய்துள்ளேன். ஆசிரியர் பதினேழு பேர் வகுப்பை விட்டு வர வேண்டுமானால், வகுப்பில் இருக்கப் பதினேழு பேர் வேண்டும். மூன்று கிழமைகளாகப் பென்டில் ஹில்லிலிருந்து பிளாக்டவுன் வரை தொலைபேசியில் பேசினேன். இளைப்பாறிய ஆசிரியைகள், தாதியர், ஒரு தபால் அதிபர், ஒரு பொறியியலாளர். பதின்மூன்று பெண்கள், நான்கு ஆண்கள். சட்டத்துக்குத் தேவையான அனுமதி இலக்கம் ஒன்பது பேரிடம் ஏற்கனவே இருந்தது. மற்ற எட்டுப் பேரும் புதிதாக விண்ணப்பித்துப் பெற்றோம். அந்த எட்டுப் பேரில் நானும் ஒருத்தி. அனுமதி வழங்கும் அலுவலகத்தில் இருந்த இளம்பெண், இந்த வயதில் எதற்கு என்று கேட்டாள். வேலைக்கு என்றேன்.

யார் எந்த அறையில் இருப்பார் என்ற அட்டவணையும் பதினேழு இலக்கங்களும் இத்துடன் உள்ளன. என் பெயருக்கு எதிரே பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறேன். எனவே அன்று எனக்கு வாக்கு இராது. கமலினி மண்டபத்தில் இருப்பார்.

தங்கள் முடிவை எழுத்தில் எதிர்பார்க்கும்,

யோகராணி அருந்தவன்
(கையொப்பம்)

இடம்: குவேக்கர்ஸ் ஹில்
திகதி: 16.04.2025

இணைப்புகள்:
1. 15.03.2025 கூட்டத்தில் நான் எடுத்த சுருக்கெழுத்துக் குறிப்பும் அதன் விரிவும்.
2. 29.03.2025 கூட்டக் குறிப்பு. ஆறாவது பந்தி சிவப்பு மையால் கோடிடப்பட்டுள்ளது.
3. நான்கு பெண் விண்ணப்பதாரிகளின் விண்ணப்பங்கள்.
4. 14ஆம் பிரிவுக்கான திருத்த வரைவு.
5. பதினேழு வகுப்பறைகளுக்கான பொறுப்பு அட்டவணை, அனுமதி இலக்கங்களுடன்.

பிரதி: திருமதி தாட்சாயினி, மெல்பேர்ன் (தகவலுக்காக).